வெள்ளைத்துணி கட்டிய மோட்டார் சைக்கிள்கள்

குருநகர்,
7.2.1993

அன்பின் அண்ணைக்கு,

நானும் மகள் றோசும் மாதாவின் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். உங்களுக்கு நெஞ்சுச்சளி மாறிவிட்டதா? இருமுகிறேன் என்று நீங்கள் எழுதிய கடிதம் கிளாலிக் கடல்வழியால் வந்த ஒருவர் கையில் மூன்று மாதம் கழித்துத்தான் கிடைத்தது. ஜேர்மனிக் குளிர் இந்நேரம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அண்ணை, எட்டு வருடத்துக்கு முதல் நீங்கள் எழுதிய ஒரு வரி எனக்கு மனப்பாடம். "சைவக்காரனைக் கட்டிப்போட்டாய். இனி அவன்ரை கதையை எனக்கு எழுதாதை." நானும் இன்றுவரை எழுதவில்லை. ஆனால் போன வியாழக்கிழமை நடந்ததை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. கோபம் வந்தால் அடுத்த பந்தியை விட்டுவிட்டுக் கீழே வாசியுங்கள்.

இவர் துறையில் மீன் எடுத்து மோட்டார் சைக்கிளில் ஊரூராகக் கொண்டுபோய் விற்கிறவர். இப்போது பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காது. சின்ன மருந்துப் போத்தலில் கொஞ்சம் வைத்திருந்து, நாலு சொட்டு விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில்தான் ஓட்டம். வியாழன் காலை இணுவிலில் ஒரு பிள்ளைத்தாச்சி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். பனிக்குடம் உடைந்துவிட்டது. கார் இல்லை, அம்புலன்சுக்கு டீசல் இல்லை. இவர் மீன்பெட்டியைக் கழற்றி ரோட்டோரம் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பின்னால் இருத்தி, தாயின் சேலையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். அவள் மச்ச மாமிசம் தொடாத வீட்டுப் பிள்ளை. "ஐயோ அண்ணை, மீன் மணம் வயித்தைப் பிரட்டுது" என்று அழுதாளாம். "ஒரு கையாலை மூக்கைப் பொத்து தங்கச்சி. மற்றக் கையை மட்டும் விட்டிடாதை" என்றாராம் இவர். ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். பின்னேரம் இவர் திரும்பிப் போனபோது யாரோ தென்னோலையால் பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். ஆனால் மீன் பழுதாகிவிட்டது.

கார்த்திகையில் வரும் கல்லறைத் திருநாளுக்கு முன் அப்பாவின் கல்லறைக்கு வெள்ளை அடிக்கலாமா? உங்கள் விருப்பத்தை எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
சிசிலியா


ஸ்ருட்காட்,
2.4.1993

அன்புத் தங்கச்சி சிசிலியாவுக்கு,

சளி மாறிவிட்டது. பேக்கரியில் அடுப்புக்குப் பக்கத்தில் வேலை, அதனால் குளிர் பெரிதாகத் தெரிவதில்லை. நீயும் றோசும் சுகம் என்று அறிந்து சந்தோசம்.

கடிதத்தின் கீழ்ப் பகுதியில் நீ கேட்டதற்குப் பதில்: அப்பாவின் கல்லறைக்கு வெள்ளை அடி. சிலுவையின் இடது கை வெடித்திருந்தது. அதையும் பார்த்துப் பூசச் சொல்.

றோசின் கால் அளவை ஒரு கடதாசியில் கீறி அனுப்பு. சப்பாத்து வாங்கி வைக்கிறேன். உங்கள் இருவரையும் ஆண்டவர் காப்பாராக.

அண்ணன்,
அடைக்கலநாதன்


குருநகர்,
20.6.1993

அன்பின் அண்ணைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் சுகம். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் வேர்த்த உடம்போடு குளிருக்குள் இறங்காதீர்கள். றோசின் கால் அளவு இதோடு இருக்கிறது. கல்லறை வேலை முடிந்தது. சிலுவையின் கையைப் பூசியது யாரென்று நான் எழுதவில்லை, நீங்களே விளங்கிக்கொள்வீர்கள்.

இப்போது இவருக்கு மீன் வியாபாரம் பாதி, ஆட்களை ஏற்றுவது பாதி. இணுவில் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. பாம்பு கடித்தவர், நெஞ்சு நோக்காடு வந்தவர், ஷெல் பட்ட பிள்ளை என்று ஆட்கள் துறைக்கே வந்து கேட்கிறார்கள். மெக்கானிக் பேதுருவை உங்களுக்குத் தெரியும்தானே, உங்களோடு படித்தவர். அவர் ஒரு இரும்புச் சட்டம் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். மீன்பெட்டியைக் கழற்றிவிட்டால் அதே சட்டத்தில் முதுகு சாய்கிற கதிரை பூட்டலாம். இதைப் பார்த்து இணுவில் இளையதம்பி, மரக்கறி ஏற்றுகிறவர், தானும் ஒன்று செய்வித்தார். இப்போது பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். இன்ன ஊருக்கு இன்னார் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். தொண்டைமானாற்றுப் பக்கம் இவருடையது. பிறந்த ஊர் அல்லவா. போகிற நேரம் தாயையும் பார்த்துவிட்டு வருவார். தங்கமுத்து மாமி என் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. "வேதக்காரி" என்றுதான் சொல்வாவாம். இந்த விசயத்தில் அவவும் நீங்களும் ஒன்று.

இதையும் எழுதிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சிசிலியா


ஸ்ருட்காட்,
5.9.1993

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். உங்கள் பக்கம் குண்டு விழுந்ததாக இங்கே பெடியள் கதைக்கிறார்கள். உன் கையெழுத்தைக் கண்டால்தான் எனக்கு நிம்மதி.

நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனி அங்கே இருக்க வேண்டாம். நீயும் றோசும் கிளாலியால் கொழும்புக்கு வந்து சேருங்கள். வெள்ளவத்தையில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். பிறகு இங்கே எடுப்பிப்பது என் பொறுப்பு. இரண்டு பேருக்கும் வேண்டிய ஒழுங்குகள் எல்லாம் செய்தாகிவிட்டது. சப்பாத்தும் வாங்கிவிட்டேன். வந்து போட்டுப் பார்க்கட்டும்.

பதிலை உடனே எழுது.

அண்ணன்,
அடைக்கலநாதன்


குருநகர்,
24.10.1993

அன்பின் அண்ணைக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

உங்கள் அன்புக்கு நன்றி. எங்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம்.

சப்பாத்தை அங்கே யாராவது ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.

சிசிலியா


ஸ்ருட்காட்,
4.12.1993

என் அன்புத் தங்கச்சி சிசிலியாவுக்கு,

நீ சுகமா? றோஸ் சுகமா? உன் கணவரும் சுகமா?

கடைசிக் கேள்வியைக் கண்டு நீ திகைப்பாய் என்று தெரியும். உன் கடிதம் வந்து ஒரு கிழமை நான் கோபத்தில்தான் இருந்தேன். பிறகு போன சனிக்கிழமை ஒன்று நடந்தது.

எங்கள் பேக்கரிக்கு நடராசா என்று ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். மாவு பிசைகிற இடத்தில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவர். தேத்தண்ணி நேரம், "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். குருநகர் என்றேன். உடனே மாவுக் கையோடு என் தோளைப் பிடித்தார்.

"உங்கடை பேர் அடைக்கலநாதன்தானே? உங்களுக்கு ஊரிலை ஒரு மச்சான் இருக்கிறாரோ? மீன் விக்கிறவர், மோட்டச்சைக்கிள் வைச்சிருக்கிறவர்?"

அவரே சொன்னார். அவருடைய மனைவிதான் அந்த இணுவில் பெண், பத்மாசினி. பிள்ளை பிறந்தபோது இரத்தம் நிறையப் போய்விட்டதாம். ஆஸ்பத்திரி வாங்கில் குந்திக் காத்திருந்த உன் கணவர், "என்ரையைப் பாருங்கோ, சேருமோ எண்டு" என்று கையை நீட்டியிருக்கிறார். சேர்ந்திருக்கிறது. இரத்தம் கொடுத்துவிட்டுத்தான் மீன்பெட்டி எடுக்கப் போயிருக்கிறார். இதை உனக்குச் சொன்னாரா? உன் கடிதத்தில் அது இல்லை. பத்மாசினியின் தாய் பெயர் கேட்டதற்கு, "பேர் என்னத்துக்கு அம்மா. குருநகரிலை அடைக்கலநாதன்ரை மச்சான் எண்டால் ஆருக்கும் தெரியும்" என்றாராம்.

நடராசா என் கையைப் பிடித்துக் கும்பிட்டார், சிசிலியா. நான் செய்யாத ஒன்றுக்கு என்னைக் கும்பிட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒழுங்குகள் இனி மூன்று பேருக்கு. இதனோடு இருக்கும் மற்றக் கடிதத்தை அவர் கையில் கொடு. நீ வாசிக்காதே.

அண்ணன்,
அடைக்கலநாதன்


ஸ்ருட்காட்,
4.12.1993

அன்பின் மச்சான் சோமசேகரத்துக்கு,

நீங்களும் சிசிலியாவும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்களுக்கு நான் எழுதுகிற முதற் கடிதம் இது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு கடதாசி கிழித்துவிட்டேன். ஒன்பது வருடத்துக்கு முதல் உங்களை வேண்டாம் என்றபோது உங்களை நான் கண்டதுகூட இல்லை. சமயம் ஒன்றைத்தான் பார்த்தேன். ஆளைப் பார்க்கவில்லை. அது பிழை. தங்கச்சியை நீங்கள் நன்றாக வைத்திருக்கிறீர்கள். அப்பாவின் கல்லறையைப் பூசியதும் நீங்கள்தான்.

என்னை மன்னிப்பீர்களோ தெரியாது. இங்கே வரும்படி உங்களைக் கேட்கிறேன். வராவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

உங்கள் மச்சான்,
அடைக்கலநாதன்


குருநகர்,
6.2.1994

அன்பின் அண்ணைக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை இருந்துகொண்டு வாசியுங்கள்.

இவர் போன மாதம் பத்தொன்பதாம் திகதி எங்களை விட்டுப் போய்விட்டார்.

தொண்டைமானாற்றிலிருந்து காய்ச்சல்கார மனிசி ஒருத்தியை ஏற்றி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அவவின் ஆட்கள் காத்துக்கொண்டிருப்பார்கள், சுகம் என்று சொல்லிவிட்டு வருகிறேன் என்று திரும்பப் புறப்பட்டார். புத்தூர் தாண்டியதும் ஷெல் விழுந்தது. பின்னால் வந்த இளையதம்பி மரக்கறி மூட்டையைத் தள்ளிவிட்டு, தன் கதிரையில் இவரை இருத்தி, சாரத் துணியால் தன்னோடு கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். "கோப்பாயிலையே உயிர் போட்டுது அக்கா. என்ரை முதுகிலை எனக்குத் தெரிஞ்சுது. ஆனாலும் நான் நிப்பாட்டேல்லை" என்று என் முன்னால் நின்று அழுதார்.

தங்கமுத்து மாமி ஆளனுப்பினா. பிள்ளையைத் தன் ஊரில்தான் எரிக்க வேண்டும் என்று. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் பதினெட்டு மைல். வாகனம் இல்லை. உழவு இயந்திரம் வைத்திருக்கிற ஒருவர் ஆமியின் ஹெலிகொப்டருக்குப் பயந்து மறுத்துவிட்டார். முற்றத்தில் நின்ற பேதுரு அண்ணை எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "உந்த மனிசன் எத்தினை பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. உவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க எங்களாலை ஏலாதோ?"

அன்றே, சவப்பெட்டியை ஏற்ற, மீன் இழுக்கிற இரட்டைச் சில்லு வண்டிலைத் தன் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் பூட்டினார். செய்தி எப்படிப் போனதோ தெரியாது. வெள்ளி காலை கதவைத் திறந்தால் ஒழுங்கை முழுவதும் மோட்டார் சைக்கிள்கள். றோஸ் எண்ணினாள், நாற்பத்துமூன்று. மீன்காரர், மரக்கறிக்காரர், உடுவிலில் இருந்து ஒரு வாத்தியார், எங்கள் தேவாலயப் பங்குச் சுவாமி, சுருட்டு ஏற்றுகிறவர்கள். பாதிப் பேரை நான் முன்பின் கண்டதில்லை. ஒவ்வொருவரும் கைபிடியில் வெள்ளைத்துணி கட்டியிருந்தார்கள். கூட்டமாகப் போனால் மேலேயிருந்து சுடுவான் என்று எல்லோருக்கும் தெரியும். "விருப்பமில்லாத ஆக்கள் நிக்கலாம், ஒருத்தரும் குறை சொல்லமாட்டம்" என்றார் பேதுரு அண்ணை. ஒருவரும் நிற்கவில்லை.

நான் இளையதம்பிக்குப் பின்னால் இருந்தேன், றோஸ் சுவாமிக்குப் பின்னால். இரண்டு லைற் போஸ்ற் தூரம் விட்டு ஒவ்வொருவராகப் போனோம். சனம் படலைகளில் வந்து நின்றது. நீர்வேலியில் ஒரு மனிசி விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைப் போத்தலோடு கொண்டுவந்து முன்னுக்கு நின்ற ஒருவரின் டாங்கியில் ஊற்றினா. "எங்கடை இவரை ரெண்டு தரம் ஏத்தினவர்" என்று மட்டும் சொன்னா. அவ வீட்டில் அன்றைக்கு விளக்கு எரிந்திருக்காது. வழியில் வந்து சேர்ந்தவர்களோடு அச்சுவேலியில் அறுபதைத் தாண்டிவிட்டது.

அச்சுவேலி கழிய மரமில்லாத வெளி. அங்கேதான் ஹெலி வந்தது. ஓடி ஒளிய இடமில்லை. பேதுரு அண்ணை கையை உயர்த்தினார். எல்லோரும் எஞ்சினை நிறுத்தினார்கள். வெள்ளைத்துணிகளை அவிழ்த்துக் கையில் உயர்த்திப் பிடித்தபடி, அவரவர் வண்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார்கள். ஒருவர்கூட நிலத்தில் படுக்கவில்லை. சுவாமி செபம் சொல்ல, இளையதம்பி முருகா முருகா என்றார். நான் இறங்கி வண்டிலடிக்குப் போய்ச் சவப்பெட்டியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பயம் வரவில்லை அண்ணை. இவ்வளவு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு என்ன பயம் என்று இருந்தது. ஹெலி பதிந்து இரண்டு தரம் சுற்றியது. பிறகு பலாலி முகாம் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

பிறகு பார்த்தால், எஞ்சின்கள் ஆறிவிட்டன. திரும்பக் கிளப்பப் பெற்றோல் வேண்டும், பலரிடம் ஒரு சொட்டும் மிச்சமில்லை. வைத்திருந்தவர்கள் போத்தலை ஆளுக்காள் கைமாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு சொட்டு, மூன்று சொட்டு. சுவாமியின் வண்டியைத்தான் ஆறு பேர் தள்ளிக் கிளப்ப வேண்டியிருந்தது. றோஸ் அந்த நாளில் ஒருமுறை சிரித்தது அப்போதுதான்.

தொண்டைமானாற்றில் தங்கமுத்து மாமி ஒழுங்கை முனையில் நின்றா. வரிசை வந்து முடிய நெடுநேரம் எடுத்தது. ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே நின்றா. "என்ரை பிள்ளைக்கு இவ்வளவு சனமோ?" என்று யாரையோ கேட்டா. பிறகு என்னிடம் வந்து என் முக்காட்டை விலக்கி முகத்தைப் பார்த்தா. "வா பிள்ளை" என்றா. ஒன்பது வருடத்தில் முதற் சொல். அங்கே பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வேலியடியில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. கொள்ளி வைக்கிற நேரம் அறுபது எஞ்சினும் ஒன்றாக இரைந்தன. பிறகு ஒன்றாக நின்றன. அந்த அமைதியில் கடல் கேட்டது.

திரும்பும்போது மண்ணெண்ணெய் முடிந்து பதினேழு பேர் அச்சுவேலியிலிருந்து வண்டியை உருட்டிக்கொண்டே நடந்து வந்தார்கள். ஒருவர் முகத்திலும் சலிப்பைக் காணவில்லை.

மரண அறிவித்தல் துண்டு ஒன்று இதோடு வைக்கிறேன். உங்களைக் கேட்காமல் ஒரு வேலை செய்துவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

சிசிலியா

"தொண்டைமானாற்றைப் பிறப்பிடமாகவும் குருநகரை வதிவிடமாகவும் கொண்ட சின்னத்துரை சோமசேகரம் 19.1.1994 புதன்கிழமை அகால மரணமானார். அன்னார் தங்கமுத்துவின் அன்பு மகனும், சிசிலியாவின் அன்புக் கணவரும், றோசின் பாசமிகு தந்தையும், அடைக்கலநாதன் (ஜேர்மனி) அவர்களின் அன்பு மைத்துனரும் ஆவார்."


ஸ்ருட்காட்,
17.3.1994

என் தங்கச்சிக்கு,

உன்னைச் சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. றோசைக் கட்டிப்பிடித்துக்கொள். மாமியையும் போய்ப் பார்.

உன் கடிதத்தை நடராசாவுக்கு வாசித்துக் காட்டினேன். அச்சுவேலி வெளியில் நாங்கள் நின்ற இடம்வரை வாசித்துவிட்டு, மேலே வாசிக்க என்னால் முடியவில்லை. நாங்கள் என்றா எழுதினேன்? எழுதினது எழுதினபடி இருக்கட்டும். மிச்சத்தை அவர்தான் வாசித்தார். அடுத்த ஞாயிறு கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தோம். இங்கேயுள்ள சுவாமி, இறந்தவர் உனக்கு என்ன முறை என்று கேட்டார். சொன்னேன். அறிவித்தலில் என் பெயரைப் போட்டதற்கு நீ மன்னிப்புக் கேட்கிறாய். அந்தத் துண்டு என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவருக்கு மார்கழியில் ஒரு கடிதம் வைத்திருந்தேன். அதைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. கிடைத்ததா? வாசித்தாரா? எதுவாக இருந்தாலும் உண்மையை எழுது.

அண்ணன்,
அடைக்கலநாதன்


குருநகர்,
8.5.1994

அன்பின் அண்ணைக்கு,

நானும் றோசும் சுகம். மாமி இப்போது எங்களோடு இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போய்வரும்வரை கஞ்சியை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறா. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் கடிதம் தை முப்பதாம் திகதி கிடைத்தது. இவர் போய்ப் பதினொரு நாள். அவர் வாசிக்கவில்லை அண்ணை. போன கடிதத்தில் எழுதக் கை வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று எல்லோரும் திரும்ப வந்தார்கள். அன்றைக்கு அதை இளையதம்பியிடம் கொடுத்து மாமிக்கு வாசிக்கச் சொன்னேன். பேதுரு அண்ணை முதல் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வாசித்து முடிய மாமி, "என்ரை பிள்ளையை மச்சான் எண்டு எழுதியிருக்கிறான்" என்று அங்கே நின்றவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னா. இவருடைய பக்கத்தை இப்போது ஐந்து பேர் பிரித்து ஓடுகிறார்கள். போன கிழமையும் தொண்டைமானாற்றிலிருந்து ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

உண்மையை எழுது என்றீர்கள். உங்களிடம் நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். இந்த ஒன்பது வருடமும் நான் உங்களுக்குக் கடிதம் எழுத இருக்கிற நேரமெல்லாம் இவர் அந்தப் பக்கம் வருவார். "மச்சானுக்கே எழுதுறீர்? நான் சுகம் கேட்டதெண்டு போடும்" என்பார். ஓம் என்பேன். அந்த வரியைக் கண்டு நீங்கள் கடிதத்தையே கிழித்துவிடுவீர்கள் என்ற பயத்தில் ஒருமுறையும் எழுதியதில்லை. போட்டீரா என்று அவர் கேட்டதும் இல்லை. கடைசிக் கடிதத்துக்கும் அப்படித்தான் சொன்னார். எங்கள் வீட்டில் மூன்று பேர் என்று நான் கோபத்தில் எழுதிய கடிதம் அது.

எழுதாமல் விட்டவை எத்தனை என்று எனக்கே தெரியாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன், அண்ணை.

மச்சான் உங்களைச் சுகம் கேட்டவர்.

சிசிலியா